எண்ணும் அலகும்: கணினிக் கருவில் நிகழ்ந்த ஒரு சீர்திருத்தம்

நாம் கல்லூரியிற் பயின்ற நாளில், அரியாலையிலுள்ள எம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய காணி உறுதியொன்றைத் தந்து வாசிக்கச் சொன்னார். "நாலு பரப்பு" என்று வாசித்து நாம் அடுத்த வரிக்குச் செல்ல, அவர் தடுத்தார். "தம்பி, நாலு பரப்பெண்டு நிப்பாட்டாதை. நெல்லுக் கணக்கோ வரகுக் கணக்கோ எண்டு பார்" என்றார். பழைய உறுதிகளிற் பரப்பைக் குறிக்கும்போது, அது நெல் விதைப்புக் கணக்கின்படியானதா, வரகு விதைப்புக் கணக்கின்படியானதா என்பதையும் உடன் எழுதிவைப்பது யாழ்ப்பாணத்து வழக்கு. இரண்டும் ஒரே அளவினவல்ல. எண் ஒன்றே, சொல்லும் ஒன்றே, நிலமோ வேறு. அக்குறிப்பு விடுபட்டால் வேலி பெயர்வதற்கும் வழக்கு விளைவதற்கும் வழி பிறந்துவிடும்.

அந்தச் சிறு நிகழ்ச்சி பல்லாண்டுகளின் பின், முற்றிலும் வேறான ஒரு துறையிலே எமக்கு நினைவுக்கு வந்தது. ஆதலால் இந்த யூபிலி மலரில் அத்துறையைப் பற்றியே சில சொல்லத் துணிந்தோம். கணினியின் பணிசெயல் முறைமையிலே கரு எனப்படும் பகுதியில், ஒருங்குசேர்ப்பு மொழிக்குரிய நேர்ப்படுத்தல் மக்ரோக்கள் எவ்வாறு எளிமையாக்கப்பட்டன என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். பெயர் கடினமாகத் தோன்றினும் பொருள் அத்துணைக் கடினமன்று. பரப்பைப் பற்றிப் பெரியவர் கேட்ட கேள்வியை மனத்திற் கொண்டோர் எவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

கருவும் மக்ரோவும்

கணினியொன்றிற் பல வேலைகள் ஒருங்கே நடைபெறுகின்றன. அவற்றுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும், நேரத்தை வகுத்தளிப்பதும், ஒன்று மற்றொன்றின் எல்லைக்குட் புகாது காப்பதும் பணிசெயல் முறைமையின் கடமை. அம்முறைமையின் உள்ளீடே கரு. 1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கரு, இன்று அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் முதற்கொண்டு பெருங்கணினி நிலையங்கள் வரை இயங்கி வருகின்றது. அதன் மூலநிரல் யாவரும் வாசிக்கத்தக்கதாய்த் திறந்து வைக்கப்பட்டுள்ளது. எனவே, நாம் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கருவின் பெரும்பகுதி சி என்னும் மொழியில் எழுதப்பட்டுள்ளது. ஆயினும், முறைவழியாக்கியுடன் நேர்முகமாகப் பேசவேண்டிய சில இடங்களில் அம்மொழி போதாது. இடையீடு நேர்ந்தவுடன் கருவினுள் நுழையும் வாயில், ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாறும் இடம், நினைவகத்தை விரைவாகப் பிரதிசெய்யும் இடம் முதலியன அத்தகையன. அங்கெல்லாம் பொறியின் ஒவ்வோர் அறிவுறுத்தலையும் தனித்தனியே பெயர்சொல்லி எழுதும் ஒருங்குசேர்ப்பு மொழி வேண்டப்படுகின்றது.

மக்ரோ என்பது நீண்ட வாசகமொன்றுக்கு இட்ட குறும்பெயர். உறுதியிலே காணியின் எல்லைகளை ஒருமுறை விரித்துரைத்தபின் "மேற்படி காணி" என்று எழுதிச் செல்வதுபோல, நிரலாளர் ஒரு வாசகத்தை ஓரிடத்தில் வரையறுத்துவிட்டுப் பின்னர் அதன் பெயரை மாத்திரம் எழுதுவர். பெயர் வரும் இடந்தோறும் கணினி முழு வாசகத்தையும் இட்டு நிரப்பிக்கொள்ளும். எனவே, மூல வரையறை தெளிவாயிருப்பின் ஆயிரம் இடங்கள் தெளிவாகும். அது மயக்கமுடையதாயின் ஆயிரம் இடங்களும் மயங்கும்.

நேர்ப்படுத்தல் என்பது யாது?

நினைவகம் என்பது பைற்றுக்களின் நீண்ட வரிசை. ஒவ்வொரு பைற்றுக்கும் முகவரியாக ஓர் எண் உண்டு. முறைவழியாக்கி அறிவுறுத்தல்களைப் படிக்கும்போது ஒவ்வொரு பைற்றாகப் பொறுக்குவதில்லை; கட்டுக்கட்டாகவே எடுக்கின்றது. பதுக்கு நினைவகத்தின் ஒரு வரி, இன்றைய பெரும்பாலான பொறிகளில் 64 பைற்றுக்களைக் கொண்டது. செயற்கூறொன்று கட்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தால், ஒரு முறை எடுக்கும்போதே அதன் முதற்பகுதி முழுவதும் கைக்கு வந்துவிடும். கட்டின் இறுதியில் ஆரம்பித்தாலோ, ஒன்றிரண்டு பைற்றுக்களுக்காக ஒரு கட்டையும் எஞ்சியவற்றுக்காக மற்றொரு கட்டையும் எடுக்க நேரும்.

ஆதலால், செயற்கூறுகளின் முகவரி 4, 8, 16, 32, 64 போன்ற எண்ணொன்றின் மடங்காக இருத்தல் வேண்டுமென விதிப்பர். இதுவே நேர்ப்படுத்தல். ஓர் உதாரணம் காண்போம். முந்திய செயற்கூறு முடிந்தபின் அடுத்த வெற்றிடம் 1003ஆம் முகவரியில் உளது என்க. அடுத்த செயற்கூறு 16இன் மடங்கிலே தொடங்க வேண்டுமாயின் அதற்குரிய இடம் 1008. இடையிலுள்ள 5 பைற்றுக்களையும் ஏதேனும் ஒன்றால் நிரப்ப வேண்டும். முன்னாளில் அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோப்போர், வரியின் நீளத்தைச் சரிசெய்ய மை படாத வெற்று ஈயத்துண்டுகளை இடையிற் செருகுவர். வாசகனின் கண்ணுக்கு அவை புலப்படா. ஆயினும், அவையின்றிப் பக்கம் நேராக நில்லாது. இங்கு இடப்படும் நிரப்பியும் அத்தகையதே.

ஒரு சொல், இரு பொருள்

இனி, எம் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஒருங்குசேர்ப்பானுக்கு நேர்ப்படுத்தலை அறிவிக்கும் பழைய பணிப்பு 'அலைன்' என்பது. 'அலைன் 4' என்று எழுதினால் அதன் பொருள் யாது? "எந்தப் பொறிக்கு?" என்று கேட்டறிந்தாலன்றி விடை கூறல் இயலாது. குனு ஒருங்குசேர்ப்பானின் விதிப்படி, ஸ்பார்க் போன்ற சில பொறிகளில் அது 4 பைற்றுக்களின் மடங்கைக் குறிக்கும். ஏ.ஆர்.எம்., பவர்பிசி முதலியவற்றிலோ அந்த 4 என்பது இரண்டின் அடுக்கு. அதாவது 2இன் 4ஆம் அடுக்காகிய 16 பைற்றுக்களின் மடங்கைக் குறிக்கும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. இன்ரெல் வகையைச் சேர்ந்த ஒரே பொறியிலேயே, நிரற்கோப்பு பழைய ஏ.அவுட் வடிவத்தினதாயின் 4 என்பது அடுக்காகவும், பின்வந்த எல்ஃப் வடிவத்தினதாயின் பைற்றாகவும் கொள்ளப்பட்டது. பொறி மாறவில்லை, எழுதிய வரி மாறவில்லை, கோப்பின் வடிவம் மாறியதும் பொருள் நான்கு மடங்கு மாறிவிட்டது. மறுதலையாக, 16 பைற்று மடங்கை விரும்பி 'அலைன் 16' என்று எழுதிய ஒருவர், அதனை அடுக்காகக் கொள்ளும் பொறிக்குச் சென்றால், 2இன் 16ஆம் அடுக்காகிய 65,536 பைற்று மடங்கைக் கேட்டவராவார். சிறு தோட்டத்துக்கு வேலியடைக்கச் சொன்னவன் ஊருக்கே வேலியடைத்த கதையாய் முடியும்.

இம்மயக்கத்தைத் தீர்க்க ஒருங்குசேர்ப்பானிலே வேறு இரு பணிப்புக்களும் உள. ஒன்று பைற்றுக் கணக்கையே எப்பொழுதும் குறிக்கும். மற்றது இரண்டின் அடுக்கையே எப்பொழுதும் குறிக்கும். இவற்றைப் 'பைற்று அலைன்' என்றும் 'அடுக்கு அலைன்' என்றும் நாம் வழங்கலாம். இவை இரண்டும் எந்தப் பொறிக்குச் சென்றாலும் பொருள் மாறுவதில்லை. நெல்லுக் கணக்கு, வரகுக் கணக்கு என்று உறுதியில் எழுதிவைப்பதற்கு இவை ஒப்பானவை. எண்ணுடன் அலகும் பிணைக்கப்பட்டபின் வழக்குக்கு இடமில்லை.

நிரப்பியின் கதை

லினக்ஸ் கருவிலே யாவற்றுக்கும் பொதுவான தலைப்புக் கோப்பொன்று, பொறி தனக்கென விதி கூறாதவிடத்து வழங்கவேண்டிய நேர்ப்படுத்தல் வரையறையை நெடுங்காலம் இவ்வாறு வைத்திருந்தது: 'அலைன் 4', நிரப்பி பதினாறடிமான எண்முறையில் 90. இவ்வொரு வரியில் இரு குறைகள் இருந்தன.

முதலாவது குறையை மேலே கண்டோம்: 4 என்பதன் பொருள் பொறிக்குப் பொறி வேறுபட்டது. இரண்டாவது குறை நிரப்பியைச் சார்ந்தது. பதினாறடிமான 90 என்பது இன்ரெல் வகைப் பொறிகளில் "ஒன்றும் செய்யாது மேற்செல்க" என்னும் ஒரு பைற்று வெற்றறிவுறுத்தல். லினக்ஸ் முதன்முதலில் அவ்வகைப் பொறிக்கே எழுதப்பட்டமையால் அவ்வெண் அங்கு வந்து குடிகொண்டது. ஆயின், பவர்பிசியின் வெற்றறிவுறுத்தல் பதினாறடிமானத்தில் 60000000 என்னும் நாலு பைற்று எண். றிஸ்க்-ஃபைவ் பொறியினது 00000013. அப்பொறிகளிடத்து 90 என்பதற்கு எவ்விதப் பொருளுமில்லை. பிறந்த வீட்டு வழக்கத்தைப் புகுந்த வீட்டிலும் காரணமின்றிக் கைக்கொள்வது போன்றதே இது.

நிரப்பியாக எது இடப்பட்டாலென்ன என்று எண்ணுதல் கூடாது. செயற்கூறின் நடுவே, சுழல் வட்டமொன்றின் தலைப்பை நேர்ப்படுத்த இட்ட நிரப்பியினூடாகப் பொறி நடந்தே செல்லும். ஆதலால், அங்கு வெற்றறிவுறுத்தலே வேண்டும். இரு செயற்கூறுகளுக்கு இடைப்பட்ட நிரப்பியிலோ பொறி ஒருபொழுதும் கால்வைத்தல் ஆகாது. அங்கு வந்து வீழ்வது பெரும்பாலும் பிழையினாலோ பகைவனின் சூழ்ச்சியினாலோ ஆம். இதனைக் கருதியே ஓப்பன்பிஎஸ்டி என்னும் மற்றொரு முறைமையினர் 2017ஆம் ஆண்டில், பொறி நடந்து செல்லாத இடங்களில் வெற்றறிவுறுத்தலை விடுத்து, கால்வைத்த கணமே பிடித்து நிறுத்தும் பொறியறிவுறுத்தலை நிரப்பினர். அது பதினாறடிமான சீ.சீ. என்னும் எண். ஆகவே, நிரப்பி என்பது அந்தந்தப் பொறியும் அந்தந்த இடமும் அறிந்து தீர்மானிக்கவேண்டியது. பொதுக்கோப்பு எல்லார் தலையிலும் சுமத்தத்தக்கதன்று.

2022ஆம் ஆண்டின் சீர்திருத்தம்

சீர்திருத்தம் ஒரேநாளில் வரவில்லை. செயற்கூறின் தொடக்கத்தைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய 'என்ட்ரி' என்னும் மக்ரோ, சி மொழியிலிருந்து அழைக்கத்தக்க முறையான செயற்கூறையும் வேறுவகை நிரற்பகுதியையும் வேறுபாடின்றிக் குறித்து வந்தது. ஜிரி ஸ்லாபி என்பார் ஆக்கிய புதிய பெயர்த்தொகுதி 2020 ஜனவரியில் வெளியான 5.5ஆம் பதிப்பில் இடம்பெற்றது. செயற்கூறு எது, உள்ளூர்ச் செயற்கூறு எது, நேர்ப்படுத்தல் வேண்டாதது எது என்பன பெயரைக் கண்டவுடனேயே விளங்கலாயின.

அதே 2020ஆம் ஆண்டில் வேறொரு தொல்லையும் வெளிப்பட்டது. கருவிற் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் இன்ரெல் நிறுவனத்தாரின் ஏற்பாடு, வேகத்துடன் எத்தொடர்புமில்லாத மாற்றங்களாலும் வேகம் கூடுவதையும் குறைவதையும் கண்டது. ஓரிடத்திற் சில பைற்றுக்கள் கூடியமையால் அதன்பின் வந்த செயற்கூறுகள் யாவும் இடம்பெயர்ந்து, பதுக்கு நினைவக வரிகளில் வேறு வேறு இடங்களில் அமர்ந்தமையே காரணம். இதனைப் பிரித்தறிய, எல்லாச் செயற்கூறுகளையும் 32 பைற்று மடங்கில் நிறுத்தும் சோதனைத் தெரிவொன்று சேர்க்கப்பட்டது. பின்னர் அது 64 ஆயிற்று. ஒவ்வொரு செயற்கூறுக்கும் 63 பைற்று வரை வீணாகக்கூடுமாதலால் அது சோதனைக்கு மாத்திரமே உரியதாய் நின்றது. இவ்வாறு நேர்ப்படுத்தல் பற்றிய விதிகள் பொதுக்கோப்பில் ஒன்றும், பொறிக்குரிய கோப்பில் ஒன்றும், தொகுப்பானுக்குக் கொடுக்கும் கட்டளையில் ஒன்றுமாகச் சிதறிக் கிடந்தன.

இந்நிலையில் 2022 ஜூலையிலே ரெட்பிளீட் என்னும் பாதுகாப்புக் குறை உலகறிய வெளிவந்தது. அழைத்த செயற்கூறுக்குத் திரும்பும் வழியை முன்கூட்டி ஊகிக்க, முறைவழியாக்கி ஒரு சிறு அடுக்கை வைத்திருக்கிறது. இன்ரெல் ஸ்கைலேக் வகையில் அவ்வடுக்கின் கொள்ளளவு 16. அழைப்புக்கள் அதனினும் ஆழமாகச் சென்று திரும்பும்போது அடுக்கு வெறுமையாகிவிட, முறைவழியாக்கி நம்பத்தகாத வேறோரிடத்திலிருந்து வழியை ஊகிக்கின்றது. பகைவன் அவ்வூகத்தைத் திசைதிருப்பி, கருவின் நினைவகத்திலுள்ள இரகசியங்களை உய்த்தறிய முடியும். இதனைத் தடுத்த முதல் வழி பொறியின் வேகத்தை மிகவும் குறைத்தது. எனவே தோமஸ் கிளைக்ஸ்னர், பீற்றர் சைல்ஸ்ட்ரா ஆகியோர் வேறுவழி கண்டனர்: அழைப்பின் ஆழத்தைக் கருவே எண்ணி வரவேண்டும்; அடுக்கு வெறுமையாகுமுன் அதனை நிரப்ப வேண்டும்.

எண்ணுவதற்குரிய சிறு நிரலை எங்கு வைப்பது? செயற்கூறுகளின் வாயிலுக்கு முன்னால், 16 பைற்று அளவான நிரப்பியிடத்தில். இப்பொழுது நேர்ப்படுத்தல் வேகத்தை மாத்திரம் பற்றிய காரியமன்று. காவலைப் பற்றிய காரியமாயிற்று. சி மொழியில் எழுதியதாயினும் ஒருங்குசேர்ப்பு மொழியில் எழுதியதாயினும், வாயிலுக்கு முன் எத்தனை பைற்று வெற்றிடம் உளது என்பது உறுதியாகத் தெரிதல் வேண்டும். "நாலு" என்றெழுதிப் பொருளை ஊகத்துக்கு விட்ட காலம் இனிச் செல்லாது.

ஆகையால், சிதறிய விதிகள் யாவும் ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொரு பொறியும், ஒவ்வொரு வசதியும் தனக்கு வேண்டியது 4, 8, 16, 32, 64 பைற்று என்பவற்றுள் எது என அறிவிக்கும். அவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியதே கரு முழுவதற்கும் விதியாகும். அவ்வொரே எண்ணிலிருந்தே சி தொகுப்பானுக்குரிய கட்டளையும் பிறக்கும். ஒருங்குசேர்ப்பு மொழிக்குரிய மக்ரோவும் பிறக்கும். மக்ரோவிலே பழைய அலைன் நீங்கி, பொருள் மாறாத பைற்று அலைன் வந்தது. 90 என்னும் நிரப்பி பொதுக்கோப்பிலிருந்து நீக்கப்பட்டு, அது பொருளுடைய இன்ரெல் வகைக்குரிய கோப்பில் மாத்திரம் நின்றது. முன்னர் மக்ரோவுக்கு நேர் வடிவமொன்றும் மேற்கோட்குறிக்குட்பட்ட வடிவமொன்றுமாக இரு பிரதிகள் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. இப்பொழுது இரண்டாவது முதலாவதிலிருந்து தானாக ஆக்கப்படுகின்றது. ஒன்றைத் திருத்தி மற்றதை மறக்கும் அபாயம் ஒழிந்தது. இவை 2023 பெப்ரவரியில் வெளியான 6.2ஆம் பதிப்பிற் சேர்ந்தன.

மாணவர் ஒருவர் இங்கே ஒரு வினா எழுப்பலாம்: பலர் பல எண்களைக் கேட்க, மிகப் பெரியதை மாத்திரம் எடுத்தால் ஏனையோர்க்குக் குறை வாராதோ? வாராது. கேட்கத்தக்க எண்கள் யாவும் இரண்டின் அடுக்குகளாதலால், பெரியது சிறியவை ஒவ்வொன்றினதும் மடங்காகும். 64இன் மடங்கான முகவரி 16இன் மடங்கும் ஆம். 8இன் மடங்கும் ஆம். 4இன் மடங்கும் ஆம். கேட்போர் 6, 10 போன்ற எண்களையும் கேட்கலாமென விட்டிருந்தால் பொதுமடங்குகளிற் சிறியதைக் காணும் தொல்லை நேர்ந்திருக்கும். எல்லோரும் ஒரே வகை அளவையிற் பேசுவதென உடன்பட்டமையே கணக்கை இத்துணை எளிதாக்கியது.

இவ்வெளிமை புதிதாக வரும் பொறிகளுக்கும் நன்மையே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி குழுவினர் ஆக்கிய சக்தி என்னும் முறைவழியாக்கி 2018ஆம் ஆண்டிலே லினக்ஸை இயக்கிக் காட்டிற்று. அது பின்பற்றும் றிஸ்க்-ஃபைவ் அமைப்பில் அறிவுறுத்தல்கள் நாலு பைற்றாகவும், சுருக்கப்பட்டவை இரண்டு பைற்றாகவும் வரும். அவ்வாறான புதிய அமைப்பொன்றை ஆக்குவோர், இன்ரெல் பொறியின் பழைய வரலாற்றைக் கற்றுத் தெளிந்தபின்னரே பொதுக்கோப்பை விளங்கிக்கொள்ளலாம் என்ற நிலை இருத்தல் தகாது.

விதியும் கீழ்ப்படிவும்

விதியை எழுதிவிட்டமையால் வேலை முடிந்ததென்று கருதுவோர்க்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஏ.ஆர்.எம். வகைப் பொறிக்கு மார்க் றட்லண்ட் என்பார் ஒரு வசதியை அமைத்தார். அதற்கு ஒவ்வொரு செயற்கூறும் 8 பைற்று மடங்கில் நிற்றல் இன்றியமையாதது. சோதித்தபோது சில நிற்கவில்லை. காரணம் யாதெனின், குனு சி தொகுப்பான் நேர்ப்படுத்தற் கட்டளையை வேகத்துக்கான யோசனையாகவே கொண்டிருந்தது. அரிதாக அழைக்கப்படும் செயற்கூறுகளுக்கு வேகம் வேண்டாமென எண்ணி, அவற்றை நேர்ப்படுத்தாது விட்டது. கருவுக்கோ அது கட்டாயம். தொகுப்பானுக்கோ அது விருப்பம். கருவினர் அப்போதைக்கு வேறு வழிகளாற் குறையை மறைத்தனர். 2024ஆம் ஆண்டில் வெளியான 14ஆம் பதிப்புத் தொகுப்பானிலே, "இதனினும் குறைதல் ஒருபோதும் ஆகாது" என்று ஆணையிடும் புதிய கட்டளை வந்தபின்னரே அக்குறை முறையாகத் தீர்ந்தது. ஆகவே, எண்ணையும் அலகையும் எழுதினால் மாத்திரம் போதாது. அது வேண்டுகோளா, ஆணையா என்பதையும் எழுதுதல் வேண்டும். எழுதியபின் நிலத்திலே சென்று அளந்தும் பார்த்தல் வேண்டும்.

இச்சீர்திருத்தத்தினாற் கணினியைக் கையாளும் பொதுமகனுக்குக் கண்ணாற் காணத்தக்க புதுமை எதுவும் தோன்றவில்லை. புதிய படம் வரவில்லை. புதிய ஒலி எழவில்லை. பழைய வரிகள் சில நீங்கின; எஞ்சியவை தம் பொருளைத் தாமே சொல்லலாயின. ஆயினும், 2022இன் இடரின்போது காவலை விரைந்து அமைக்க முடிந்தமைக்கு அத்தகைய அடக்கமான வேலையே துணைநின்றது. எளிமையாக்கல் என்பது வரிகளைக் குறைத்தலன்று. வாசிப்போன் ஊகிக்கவேண்டியதைக் குறைத்தலே ஆம்.

எம் கல்லூரியில் இன்று கணினி பயிலும் இளைஞர் பலர் நாளை இத்தகைய நிரல்களைத் தொடவும் திருத்தவும் போகின்றனர். ஆய்வுகூடத்திலே அலகில்லாத விடைக்குப் புள்ளி குறைத்த எம் ஆசிரியர்களை நாம் அன்று கடிந்துகொண்டதுண்டு. நொத்தாரிசின் கையெழுத்திலும், ஆய்வுகூடக் குறிப்பேட்டிலும், கருவின் தலைப்புக் கோப்பிலும் நின்று கேட்கப்படும் கேள்வி ஒன்றே என்பதை இப்பொழுது உணர்கின்றோம். எண்ணொன்றை எழுதி அடுத்த வரிக்குச் செல்லுமுன், அரியாலைப் பெரியவரின் குரல் இளைஞர் காதுகளிலும் ஒலிப்பதாக: "தம்பி, நாலெண்டு நிப்பாட்டாதை."